ஜப்பானிய செம்பே: அரிசி என்று நம்பி வாங்குவதற்கு முன்

ஜப்பானில் வேலைக்கு வந்த முதல் வருடம், ஊருக்குப் போகும்போது பெரியம்மாவுக்கென்று செம்பே என்ற மொறுமொறுப்பான தின்பண்டம் ஒரு பெட்டி வாங்கிப் போனேன். மெல்லிய தட்டுகள், வெளிர் ரோஜா நிறம், ஒவ்வொன்றும் தனி உறையில். பார்க்க நம் அரிசி அப்பளம் மாதிரியே இருந்தது. பெரியம்மா வாழ்நாள் முழுக்க முட்டைகூடத் தொடாதவர். ஒரு துண்டை வாயில் வைத்தவர், "என்னப்பா இது, ஒரு மாதிரி வாடை அடிக்குதே?" என்றார். பெட்டியின் பின்பக்கத்தைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். முதலில் உருளைக்கிழங்கு மாவு, அடுத்தது இறால். அரிசி எங்குமே இல்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். விற்ற கடையின் மேல் தவறு இல்லை, பெட்டியில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. பெயரைக் கேட்டு, உருவத்தைப் பார்த்து, இது அரிசிதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். செம்பே விஷயத்தில் நம்மவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பெயருக்குள் அரிசி இல்லை

செம்பே என்பது தட்டையாக, மொறுமொறுப்பாகச் சுட்ட பண்டத்தின் பெயர். எந்த மாவில் செய்தது என்பது அந்தச் சொல்லில் கிடையாது. தோக்கியோ பக்கத்தில் செம்பே என்றதும் மக்கள் மனதில் வருவது அரிசித் தட்டும் அதன்மேல் பூசிய சோயா சாஸும்தான். ஆனால் ஒசாகா, கியோட்டோ பக்கத்துப் பழைய வழக்கில் செம்பே என்றால் கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட இனிப்பு. அரிசியில் செய்ததை அங்கே ஒகாகி என்பார்கள். ஒரே நாட்டுக்குள் ஒரே சொல், இரண்டு பண்டங்கள்.

ஊர் ஊராகப் போனால் இது இன்னும் விரியும். கோபேயில் கிடைக்கும் கவாரா செம்பே ஓட்டு வடிவத்தில் இருக்கும். கவாரா என்றாலே கூரை ஓடுதான். அதில் கோதுமை மாவு, முட்டை, சர்க்கரை. அதே கோபேக்குப் பின்னால் மலையில் உள்ள அரிமா வெந்நீர் ஊற்று ஊரில், ஊற்றின் சோடா நீரை விட்டு மாவு கரைத்துச் சுட்ட தன்சான் செம்பே கிடைக்கும். காகிதம் போல மெலிசு, லேசான இனிப்பு, அதுவும் கோதுமைதான். வடக்கே அவோமோரி, இவாத்தே மாகாணங்களில் நம்பு செம்பே. வட்ட அச்சில் கோதுமை மாவை ஊற்றி, எள்ளோ வேர்க்கடலையோ பதித்துச் சுடுவார்கள். அச்சுக்கு வெளியே வழிந்து பொரிந்த ஓரத்தை அங்கே 'காது' என்கிறார்கள், அந்தக் காதை மட்டும் தனியாகப் பையில் போட்டு விற்பதும் உண்டு. ஐச்சி மாகாணம் எபி செம்பேக்குப் பேர்போனது. எபி என்றால் இறால். பெரியம்மாவுக்கு நான் கொண்டுபோனது இதைத்தான்.

இந்த நம்பு செம்பேயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஹாச்சினோஹே ஊரில் இதைக் குழம்பில் உடைத்துப் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். செம்பே-ஜிரு என்று பெயர். அதற்கென்றே, கொதியில் கரைந்துபோகாத வகை ஒன்றைத் தனியாகச் சுட்டு விற்கிறார்கள். பொட்டலம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதை வாங்கிவந்து தேநீரோடு கடித்தால் சப்பென்று இருக்கும். பண்டத்தில் குறை எதுவும் இல்லை, அது இன்னும் சமைக்கப்படவில்லை.

அரிசியிலும் இரண்டு

சரி, அரிசியில்தான் செய்தது என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் ஒரு பிரிவு இருக்கிறது. தினமும் சோறாகச் சமைக்கும் அரிசி உருச்சி. மோச்சி என்ற இடித்த அரிசிப் பண்டம் செய்யும் ஒட்டும் அரிசி மோச்சிகோமே. உருச்சியில் செய்வது செம்பே. மோச்சிகோமேயில் செய்வது ஒகாகி, அதையே பொடிசாக வெட்டினால் அராரே. அராரே என்றால் ஆலங்கட்டி. அதைச் சட்டியில் வறுக்கும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

செய்முறையும் வேறு. செம்பேக்கு அரிசியை மாவாக்கி, ஆவியில் வேகவைத்து, பிசைந்து, மெலிசாகத் தேய்த்து, வட்டமாக வெட்டிக் காயவைக்கிறார்கள். நம் வீட்டு வடாம் வேலையில் பாதி இதில் இருக்கிறது, ஆனால் முடிவில் எண்ணெய்க்குப் பதிலாக நெருப்பு. தோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாகாணத்தில் உள்ள சோகா என்ற ஊர் இந்த வகைக்குப் புகழ்பெற்றது. அந்தக் காலத்தில் நிக்கோவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் பயணிகள் தங்கிப் போகும் ஊராக இருந்தது. விற்காமல் மிஞ்சிய அரிசி உருண்டைகளைத் தட்டிக் காயவைத்துச் சுட்டு விற்ற ஓசென் என்ற பெண்ணின் கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். அதைக் கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், வரலாறாக வேண்டாம். கைவேலைக் கடைகளில் தட்டைக் கம்பி வலைமேல் வைத்து, அது உப்பி எழும்பும்போதெல்லாம் கைப்பிடி வைத்த ஒரு கனத்த ஓட்டால் அமுக்கி, திருப்பி, மறுபடி அமுக்கி, மறுபடி திருப்புகிறார்கள். அந்த அமுக்கலில்தான் செம்பேயின் கடினம் வருகிறது. சூடு ஆறும் முன்பே சோயா சாஸைத் தூரிகையால் தடவிவிடுகிறார்கள்.

ஒகாகி இதற்கு நேர்மாறு. ஒட்டும் அரிசியை வேகவைத்து, மோச்சியாக இடித்து, குளிரில் இறுகவிட்டு, வெட்டி, உலர்த்திச் சுடுகிறார்கள். ஒட்டும் அரிசியின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின் என்ற வகை. அது சூட்டில் தாராளமாக உப்பும். அதனால் ஒகாகி உள்ளே துளை துளையாக, வாயில் போட்டால் பொரபொரவென்று உடையும். ஒகாகி என்ற பெயரின் பின்னால் ஒரு வழக்கமும் இருக்கிறது. புத்தாண்டுக்குப் படைத்த மோச்சியைக் கத்தியால் வெட்டுவது ஆகாது என்று கையாலோ சுத்தியலாலோ உடைப்பார்கள். தோக்கியோ பக்கம் ஜனவரி 11 அன்று இது நடக்கும். அப்படி உடைத்த துண்டுகளைக் காயவைத்துச் சுட்டதுதான் பழைய ஒகாகி.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கினால் பல்லுக்குத்தான் முதல் ஆபத்து. பல்செட் வைத்திருக்கும் தாத்தாவுக்குப் போய் கதாயாகி வாங்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கதா என்றாலே கடினம். இகா ஊரில் விற்கும் கதாயாகி கோதுமையில் செய்தது, அதை உடைக்கச் சின்ன மரச் சுத்தியல் வேண்டும், அவ்வளவு கெட்டி. நிஞ்ஜாக்கள் மடியில் கட்டிக்கொண்டு போன உணவு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வயதானவர்களுக்கு உஸுயாகி என்ற மெல்லிய வகையை வாங்குங்கள், இல்லையென்றால் ஒகாகி. நல்ல ஒகாகியை நாக்கில் சிறிது நேரம் வைத்திருந்தாலே இளகிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். காகி நோ தானே என்று பிறை வடிவத்தில், காரமாக ஒரு பொடிசான வகை உண்டு. பெயருக்கு 'சீமைப் பனிச்சை விதை' என்று பொருள், பழத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1920-களில் நீகாத்தா மாகாணத்து நாகவோகாவில், நீள்வட்டமான வெட்டு அச்சு ஒன்று மிதிபட்டு நெளிந்துபோக, அந்த நெளிந்த வடிவமே நிலைத்துவிட்டது என்று அதன் பிறப்பைச் சொல்கிறார்கள். இன்று அது பெரும்பாலும் வேர்க்கடலை கலந்தே வருகிறது. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குக் கடலை மாதிரியான கெட்டியான பருப்புகளைக் கொடுக்காதீர்கள் என்று ஜப்பானின் நுகர்வோர் துறை எச்சரித்திருக்கிறது. மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். அழகான சின்னப் பாக்கெட் என்று குழந்தை கையில் திணித்துவிட வேண்டாம்.

சைவமா, இல்லையா

இதை நான் விரிவாகவே எழுத வேண்டும். நம்மில் பலருக்கு இது ருசி சம்பந்தப்பட்டது அல்ல.

இறால், கணவாய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அல்லது படம் போட்டிருக்கும். தெரியாமல் உள்ளே வருவது மீன் சாறு. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி. பெரும்பாலும் கட்சுவோ என்ற மீனை உலர்த்திச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு சேர்த்து எடுக்கும் சாறு அது. சோயா சாஸ் மட்டும் தடவியது போலத் தெரியும் செம்பேயின் பூச்சிலும் இந்தச் சாறு கலந்திருப்பது சகஜம். சிலவற்றில் கோழி, பன்றி இறைச்சியின் சாறும் இருக்கும்.

இங்கே படித்தவர்களே சறுக்கும் ஒரு இடம் உண்டு. பொட்டலத்தின் பின்னால் ஒவ்வாமைப் பொருள்களைத் தனிக் கட்டத்தில் போட்டிருப்பார்கள். கட்டாயமாகச் சொல்ல வேண்டியவை என்று 2023-இல் அக்ரூட் சேர்ந்தபோது எட்டு இருந்தன: முட்டை, பால், கோதுமை, சோபா எனும் மரக்கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு, அக்ரூட். இது தவிர, சொன்னால் நல்லது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கோழி, பன்றி, மாடு, ஜெலட்டின், கணவாய், சோயா எல்லாம் அதில் வருபவை. கட்சுவோ மீன் இந்த இரண்டிலுமே இல்லை. ஆகவே கட்டத்தில் கோதுமை, சோயா என்ற இரண்டு மட்டும் இருப்பதைப் பார்த்து, 'அப்பாடா, சைவம்' என்று முடிவு செய்யாதீர்கள். அந்தக் கட்டம் ஒவ்வாமைக்காரர்களுக்காகப் போட்டது. சைவத்துக்கு மூலப்பொருள் பட்டியலை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. புரதத்தை உடைத்து எடுக்கும் சுவையூட்டி ஒன்று பல செம்பேகளில் இருக்கும். அது சோயாவிலிருந்தும் வரும், விலங்கிலிருந்தும் வரும். எதிலிருந்து என்று பக்கத்தில் போடாவிட்டால், நான் எடுத்ததை அலமாரியிலேயே வைத்துவிடுவேன்.

கடையில் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'மீன் இருக்கிறதா?' என்று கேட்டால், இல்லை என்று மனதாரச் சொல்வார்கள். மீன் என்றதும் அவர்கள் நினைப்பது மீன் துண்டை. தாஷி அவர்களுக்கு மீனாகவே தோன்றாது. ஆகவே நேராகக் கேளுங்கள்: "கட்சுவோ தாஷி ஹாயித்தே இமாசு கா?" கட்சுவோ சாறு சேர்ந்திருக்கிறதா என்று பொருள். கைவேலைக் கடைக்காரர் உள்ளே போய்ச் சோயா சாஸ் கேனையே தூக்கிவந்து காட்டியதும் உண்டு. அந்த அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாலட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் காய்கறிச் சுவை என்று எடுப்பவர்களும் உண்டு. செம்பேயில் சாலட் என்றால் சாலட் எண்ணெய். சமையல் எண்ணெய் தடவி உப்புத் தூவியது என்றுதான் அர்த்தம். அதிலும் பட்டியலைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள், முக்கியமாக சீலியாக் நோய் உள்ளவர்கள், அரிசிப் பண்டம்தானே என்று தைரியமாக எடுக்கும் தவறு உலகம் முழுக்க நடக்கிறது. வழக்கமான சோயா சாஸைச் சோயாவும் கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்கவைத்து எடுக்கிறார்கள். அதைத் தடவிய எந்தத் தட்டும் அவர்களுக்கு ஆகாது. ஒட்டும் அரிசியில் கோதுமையில் இருக்கும் குளூட்டன் புரதம் கிடையாது என்பது உண்மைதான், வில்லங்கம் பூச்சில் இருக்கிறது. உப்பு மட்டும் போட்டது ஷியோ எனப்படும். அதில்கூட அதே ஆலையில் கோதுமை புழங்குகிறதா என்ற குறிப்பைத் தேடுங்கள். மது விலக்கும் முஸ்லிம் வாசகர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. பல சோயா சாஸ்களில் கெடாமல் இருக்கக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். ஷுசெய் என்ற பெயரில் பட்டியலில் வரும். மிரின் என்று இருந்தால் அதுவும் மது வகைதான்.

அப்புறம், சுட்டதுதானே, எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஏறாது என்ற நம்பிக்கை. சோயா சாஸ் செம்பே 100 கிராமில் ஏறத்தாழ 370 கலோரி, பொரித்ததில் ஏறத்தாழ 460. உப்பும் நிறைய. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது தினசரித் தீனி அல்ல.

தேதியும் ஈரமும்

26.03.05 என்று பொட்டலத்தில் இருந்தால் நம் கண் அதை 2005 மார்ச் 26 என்று படிக்கும், பதறுவோம். ஜப்பானில் வருடம் முதலில், பிறகு மாதம், கடைசியில் நாள். அது 2026 மார்ச் 5. மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பண்டங்களில் நாளை விட்டுவிட்டு வருடமும் மாதமும் மட்டும் போடுவதும் உண்டு. தேதிகளிலும் இரண்டு வகை. ஷோமி கிகென் என்றால் அதுவரை ருசி நன்றாக இருக்கும் என்று பொருள். ஷோஹி கிகென் என்றால் அதற்கு மேல் சாப்பிடக் கூடாது. செம்பேயில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும்.

கியோட்டோ போனவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். யாத்சுஹாஷி என்று அரிசி மாவு, சர்க்கரை, லவங்கப்பட்டை சேர்த்துச் சுட்ட, கூரை ஓடு போல வளைந்த ஒரு தட்டு உண்டு. அது மாதக்கணக்கில் தாங்கும். அதே பெயரில் சுடாமல், நடுவில் பயறு விழுது வைத்து மடித்த மென்மையான நாமா யாத்சுஹாஷியும் உண்டு. நாமா என்றால் சுடாத பச்சை. அதற்கு ஆயுள் மிகக் குறைவு. பயணத்தின் முதல் வாரத்திலேயே வாங்கிவைத்து, ஊருக்குப் போய் எல்லோருக்கும் கொடுக்க நினைப்பதற்குள் தேதி ஓடிவிடும்.

நுரே செம்பே இதற்கு எதிர்ப்பக்கத்துக் குழப்பம். நுரே என்றால் நனைந்தது. சுட்ட சூட்டோடு சோயா சாஸில் முக்கி எடுப்பதால் தட்டு மெத்தென்று, மெல்லும்படி இருக்கும். சிபா மாகாணத்தில் கடலோரம் இருக்கும் சோஷி ஊர் இதன் வீடு. சோயா சாஸ் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. அங்கே 6.4 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் ஒரு சின்ன ரயில் கம்பெனி இருக்கிறது. 1995 முதல் அது நுரே செம்பே விற்கிறது. 2006-இல் பணமுடை வந்தபோது, ரயிலைப் பழுதுபார்க்கக் காசு சம்பாதிக்க வேண்டும், செம்பே வாங்குங்கள் என்று இணையத்தில் வெளிப்படையாகக் கேட்டார்கள். நாடு முழுவதிலிருந்தும் ஆர்டர்கள் வந்து குவிந்தன, ரயில் நிற்கவில்லை. இந்தச் செம்பேயைத்தான் 'நமுத்துப்போச்சு' என்று சிலர் குப்பையில் போடுகிறார்கள். பார்க்க எனக்கு வயிறு எரியும்.

உண்மையாகவே நமுத்துப்போவது வேறு. பையைத் திறந்து வைத்தால் செம்பே காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். நம் கடலோர ஊர்களின் காற்றில் ஒரு மாலைப் பொழுது போதும், காலையில் அட்டை போல ஆகிவிடும். உறையைத் திறந்தால் முடித்துவிடுங்கள், இல்லையேல் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். உள்ளே இருக்கும் உலர்த்தும் பையைத் தூக்கி எறியாமல் டப்பாவுக்குள்ளேயே போட்டுவையுங்கள். ஆனால் அந்தப் பையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செம்பே, நோரி என்ற கடற்பாசித் தாள் பாக்கெட்டுகளில் பல நேரம் இருப்பது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாய் வெந்துபோகும். ஈரக் குப்பையோடு சேர்த்துப் போடுவதும் ஆபத்து.

விமானப் பயணத்தில் உறைகள் பலூன் போல உப்பும். இடத்தை அடைக்கிறதே என்று ஊசியால் குத்திக் காற்றை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். அத்தோடு அந்தச் செம்பே முடிந்தது. உப்பட்டும், தரை இறங்கியதும் தானாக அமுங்கிவிடும். உடையக் கூடாத வகையாக இருந்தால் தகர டப்பாவில் வருவதை வாங்கி, துணிகளுக்கு நடுவில் வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். திடப்பொருள் என்பதால் கைப்பையில் தடை இல்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள், எந்த உணவையும் விமான நிலையத்தில் சொல்லிவிட்டே வெளியே வர வேண்டும்.

கொடுக்கும்போதும் தின்னும்போதும்

ஜப்பானில் ஊர் போய்விட்டு வந்தால் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒமியாகே, அதாவது போன ஊரின் பண்டம், கொடுப்பது வழக்கம். பொருளின் விலையை யாரும் பார்ப்பதில்லை. போன ஊரின் அடையாளம் அதில் இருக்கிறதா, தலைக்கு ஒன்று வருமா, இந்த இரண்டுதான் கணக்கு. பெரிய பையில் மொத்தமாகக் கொட்டி வரும் செம்பேயை மேசையில் திறந்து வைத்தால் யாரும் கை வைக்கத் தயங்குவார்கள். ஒவ்வொன்றும் தனி உறையில் வருவதை எடுங்கள். பிரிவில் 17 பேர் என்றால் 16 இருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள், 20 வாங்குங்கள். விடுப்பில் இருந்தவர் மறுநாள் வருவார், அவருக்கும் ஒன்று இருக்கட்டும். ஒருவர் கையில் தனியாக எண்ணிக் கொடுக்கும்போது நான்கையும் ஒன்பதையும் தவிர்ப்பது நல்லது. நான்கின் உச்சரிப்பு சாவையும், ஒன்பதின் உச்சரிப்பு துன்பத்தையும் ஒத்திருக்கிறது.

பெட்டியின் மேல் சுற்றும் நோஷி காகிதத்தைக் கடையிலேயே போட்டுத் தருவார்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்பார்கள், புரியாமல் தலையாட்டிவிடாதீர்கள். சிவப்பு வெள்ளை முடிச்சு நல்ல காரியத்துக்கு, கறுப்பு வெள்ளை துக்கத்துக்கு. கொடுக்கும்போது கடைப் பையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும்.

தின்பதில் விதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கை அகலச் செம்பேயை உறை பிரிக்கும் முன்பே கையால் இரண்டு மூன்று துண்டாக உடைத்துக்கொண்டால் தூள் சிந்தாது, முகத்துக்கு நேரே கடித்து இழுக்கவும் வேண்டியதில்லை. தோக்கியோவில் அசகுசாவின் நகாமிசே தெருவில் சூடாகச் சுட்ட செம்பே வாங்கினால், கடை முன்னாலேயே நின்று தின்றுவிட்டு நகருங்கள். நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். கமகுராவில் இதை நகராட்சி 2019-இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தது. அபராதம் கிடையாது, ஆனால் நெரிசலில் அடுத்தவர் துணியில் சோயா சாஸ் படக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான்.

நாராவில் விற்கும் ஷிகா செம்பேயை மட்டும் நினைவுப் பொருளாக வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது பூங்காவில் திரியும் மான்களுக்கானது. அரிசித் தவிடும் கோதுமை மாவும்தான், சர்க்கரையும் இல்லை உப்பும் இல்லை. கட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையை மான் தின்றுவிட்டாலும் கெடுதல் வராத மாதிரி, சோயா மையில் அச்சடித்திருக்கிறார்கள். படம் எடுப்பதற்காகத் தட்டைக் காட்டிக் காட்டி இழுத்தடித்தால் மான் பொறுமை இழந்து கடிக்கும், முட்டும். சட்டென்று கொடுத்துவிட்டு, தீர்ந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டுங்கள், போய்விடும்.

உங்களுக்கென்று வாங்க வேறு ஒன்று இருக்கிறது, பல பயணிகள் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். செம்பே சுடும் கடைகளில் ஒரு மூலையில், ஓரம் உடைந்தவை, விரிசல் விட்டவை, கொஞ்சம் கருகியவை எல்லாம் ஒரே பையில் போட்டு மலிவாக வைத்திருப்பார்கள். யாருக்கும் பரிசாகக் கொடுக்க முடியாது, ஆனால் மாவும் சாஸும் கையும் அதே கடையுடையவைதான். கருகிய துண்டில் சோயா சாஸின் மணம் இன்னும் தூக்கலாக இருக்கும். சோகா போனால் நான் முதலில் தேடுவது அந்தப் பையைத்தான். தோக்கியோவின் கிதா-சென்ஜு நிலையத்திலிருந்து தோபு ரயிலில் கால் மணி நேரப் பயணம். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் நமுத்துவிட்டால், ரொட்டி சுடும் டோஸ்டரில் ஒரு நிமிடம் காட்டுங்கள். எடுத்த சூட்டில் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும், ஆறவிட்ட பிறகு கடித்துப் பாருங்கள்.